என் பிள்ளையைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள்

போதும். இனியும் வாயை மூடிக்கொண்டு இருக்க என்னால் ஆகாது. கல்யாண வீட்டுப் பந்தியில் கேட்கிறார்கள், எழவு வீட்டுத் திண்ணையில் கேட்கிறார்கள். மரக்காணம் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர், என் பெயர்கூடத் தெரியாதவர், என் மகனைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்கிறார்: "சின்னதுல ஊசி கீசி போட்டீங்களாம்மா?"

போட்டேன். எல்லாம் போட்டேன். பிறந்ததும் பி.சி.ஜி., போலியோ சொட்டு, மஞ்சள் காமாலைக்கான ஊசி. ஆறு, பத்து, பதினான்கு வாரங்களில் பென்டாவேலன்ட். ஒன்பது மாதம் முடிந்ததும் தட்டம்மை, ரூபெல்லா இரண்டுக்குமான எம்.ஆர்., ஒன்றரை வயதில் மறுபடியும் எம்.ஆர். ஒவ்வொரு ஊசிக்கும் அட்டையில் நர்சம்மா தேதி எழுதியிருக்கிறார். அந்த அட்டையைப் பீரோவில் பத்திரமாக வைத்திருக்கிறேன். நான் எதற்குத் தலை குனிய வேண்டும்?

என் மகனுக்கு ஆட்டிசம். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் உடனே திரும்ப மாட்டான். புளியங்கொட்டைகளைச் சுவரோரமாக வரிசை வைப்பான். ஒன்றை யாராவது காலால் தட்டிவிட்டால் முதலிலிருந்து தொடங்குவான். குவாரிப் பக்கம் வெடி வைத்தால் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வான், யார் கூப்பிட்டாலும் வர மாட்டான். பேச்சு வருகிறது, மெல்ல, ஒவ்வொரு சொல்லாக. இதெல்லாம் சேர்ந்ததுதான் அவன். ஊருக்கு மட்டும் அவன் ஒரு ஊசி கெடுத்துப் போட்ட பிள்ளை.

அத்தை, அதாவது என் மாமியார், வருகிறவர்களிடமெல்லாம் இதைச் சொல்லி அழுவார். "ஒன்றரை வயசு வரைக்கும் நல்லாத்தான் இருந்தான். அம்மா, தாத்தான்னு வாய் நிறையச் சொன்னான். அந்த ஊசியப் போட்டுத் தூக்கிட்டு வந்தா, ராத்திரி காய்ச்சல் அடிச்சுது, அதோட பேச்சு போச்சு." அவர் பொய் சொல்லவில்லை. கண்ணால் கண்டதைச் சொல்கிறார். பேரன் மேல் உயிரை வைத்திருக்கிற கிழவி, துக்கத்துக்கு ஒரு காரணம் கிடைத்தால் பிடித்துக்கொள்கிறார். அவரிடம் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அவர் ஒவ்வொரு முறை சொல்லும்போதும், கேட்பவர்களின் கண் பிள்ளையைத் தூக்கிப் போன என் பக்கம் திரும்புகிறதே, அதை நான் எங்கே போய்ச் சொல்ல?

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் ஒரு பகுதியினர் ஒன்றரை வயதிலிருந்து இரண்டு வயதுக்குள், பேசிக்கொண்டிருந்த இரண்டொரு சொல்லையும் விட்டுவிடுவார்கள். அரசு அட்டவணையில் இரண்டாவது எம்.ஆர். ஊசிக்கான வயதும் 16 மாதத்திலிருந்து 24 மாதம் வரை. இரண்டும் ஒரே வயதில் வருகின்றன. அவ்வளவுதான். முதல் பிறந்தநாளுக்கு என் நாத்தனார் கைப்பேசியில் எடுத்த வீடியோ எங்களிடம் இருக்கிறது. சுற்றி நின்று எல்லோரும் அவன் பெயரைச் சொல்லிக் கை தட்டுகிறார்கள். அவன் ஒருமுறைகூட நிமிரவில்லை, மெழுகுவர்த்திச் சுடரையே பார்த்துக்கொண்டிருக்கிறான். ஒன்றரை வயது ஊசிக்கு அப்போது இன்னும் பல மாதம் இருந்தது.

இதைக் காட்டினால், "அப்ப ஒன்பதாம் மாச ஊசியா இருக்கும்" என்கிறார்கள். ஊசி மாறும், பழி மாறாது. 1994இல் அமெரிக்காவில் ஆஸ்டர்லிங், டாசன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதே போன்ற முதல் பிறந்தநாள் வீடியோக்களைத்தான் வாங்கிப் பார்த்தார்கள். பின்னாளில் ஆட்டிசம் என்று தெரியவந்த பிள்ளைகள் அந்த வயதிலேயே பெயருக்குத் திரும்புவதும், முகம் பார்ப்பதும், விரல் நீட்டிக் காட்டுவதும் மற்றப் பிள்ளைகளைவிடக் குறைவாக இருந்தது. அந்த நாட்டில் தட்டம்மை ஊசியே ஒரு வயது முடிந்த பிறகுதான் போடுகிறார்கள். வராத ஊசி எப்படி அவர்களைக் கெடுத்தது?

இந்தப் பழிக்குப் பிறந்த ஊர் லண்டன். 1998 பிப்ரவரியில் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு என்ற மருத்துவர் 'லான்செட்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். வெறும் 12 பிள்ளைகள். தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடும் எம்.எம்.ஆர். ஊசிக்கும் அந்தப் பிள்ளைகளின் ஆட்டிசத்துக்கும் தொடர்பிருக்கலாம் என்று சந்தேகம் கிளப்பினார். தொடர்பை நிரூபிக்கவில்லை என்று அந்தக் கட்டுரையிலேயே ஒரு வரி இருந்தது. பத்திரிகையாளர்களைக் கூட்டிப் பேசியபோது அந்த வரி அவருக்குத் தேவைப்படவில்லை. மூன்றையும் சேர்த்துப் போடுவதை நிறுத்துங்கள் என்றார். பிரையன் டீர் என்ற பத்திரிகையாளர் வருடக்கணக்கில் தோண்டி எடுத்த பிறகுதான் உண்மை வெளியே வந்தது. ஊசிக் கம்பெனிகள் மேல் வழக்குப் போடக் காத்திருந்த வழக்கறிஞரிடமிருந்து வேக்ஃபீல்டுக்குப் போய்ச் சேர்ந்த தொகை 4,35,643 பவுண்டு. கட்டுரை வருவதற்கு முந்தைய ஆண்டே தட்டம்மைக்குத் தனியாக ஒரு ஊசிக்குக் காப்புரிமை கேட்டு மனுப் போட்டிருந்தார். தன் மகனின் பிறந்தநாள் விழாவுக்கு வந்த பிள்ளைகளிடம் தலைக்கு 5 பவுண்டு கொடுத்து ரத்தம் எடுத்திருந்தார். ஒன்பது பேருக்குப் பேச்சு பின்வாங்கிய ஆட்டிசம் என்று எழுதினாரே, அதில் மூன்று பேருக்கு ஆட்டிசம் என்றே யாரும் கண்டறிந்திருக்கவில்லை.

இதில் என் வயிறு எரிவது பணத்துக்காக இல்லை. அந்தப் பிள்ளைகளுக்குத் தேவையில்லாமல் குடலுக்குள் குழாய் விட்டார்கள், முதுகுத்தண்டில் ஊசி குத்தி நீர் எடுத்தார்கள். என் மகன் முடி வெட்டவே நடுங்குகிறவன். கத்திரிச் சத்தம் காதருகே வந்தால் உடம்பே விறைத்துவிடும். அவனைப் போன்ற பிள்ளைகளை, என்ன நடக்கிறது என்று சொல்லத் தெரியாத பிள்ளைகளை, மேசையில் கிடத்திச் செய்திருக்கிறார்கள். 2010இல் 'லான்செட்' அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. அதே ஆண்டு மே மாதம் பிரிட்டனின் மருத்துவக் கவுன்சில் அவருடைய பெயரை மருத்துவர் பட்டியலிலிருந்து அடித்தது. அடித்து என்ன பயன்? பன்னிரண்டு ஆண்டுகள் அந்தப் பொய் ஊர் ஊராக நடந்து எங்கள் ஊரான பெருமுக்கல் வரை வந்துவிட்டதே.

அந்தக் கட்டுரைக்குப் பிறகு பல நாடுகளில் எண்ணிப் பார்த்துவிட்டார்கள். டென்மார்க்கில் 1999 முதல் 2010 வரை பிறந்த 6,57,461 பிள்ளைகளைப் பின்தொடர்ந்து 2019இல் முடிவைச் சொன்னார்கள்: எம்.எம்.ஆர். போட்டவர்களுக்குப் போடாதவர்களைவிட ஆட்டிசம் அதிகமில்லை. குடும்பத்தில் மூத்த பிள்ளைக்கு ஆட்டிசம் இருக்கிற தம்பி தங்கைகளைத் தனியாகப் பிரித்துப் பார்த்தும் அதே பதில். ஜப்பானில் 1993இல் எம்.எம்.ஆரையே நிறுத்திவிட்டார்கள். யோகோஹாமாவில் எண்ணினால் ஆட்டிசம் குறையவில்லை, கூடியிருந்தது. ஊசியில் இருக்கிற பாதரசம்தான் காரணம் என்று ஒரு பேச்சு உண்டு. அமெரிக்கா 2001க்குள் குழந்தைகளுக்கான வழக்கமான ஊசிகளிலிருந்து அதை எடுத்துவிட்டது. ஆட்டிசக் கணக்கு இறங்கவே இல்லை. எங்கள் எம்.ஆர். ஊசியில் அது இருந்ததே கிடையாது.

இத்தனைக்கும் பிறகு, 2025 நவம்பரில் அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் தன் பக்கத்தில் இருந்ததை மாற்றி, ஊசியால் ஆட்டிசம் வராது என்று சொல்வதற்கு ஆதாரம் போதாது என்பதுபோல எழுதிவைத்தது. அந்த நாட்டுக் குழந்தை மருத்துவர்களே கொதித்துப் போனார்கள். அங்கே நாற்காலியில் இருப்பவருக்கு அது அரசியல். இங்கே அது தமிழில் குரல் கொடுத்த வீடியோவாக என் ஓரகத்தியின் கைப்பேசியில் வந்து நிற்கிறது. "பாரு, அமெரிக்காக்காரனே ஒத்துக்கிட்டான்" என்று என் முகத்துக்கு நேரே நீட்டுகிறாள்.

எங்கள் தெருவில் ஒரு மருமகளுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. ஒன்பது மாத ஊசிக்கு நாள் வந்துவிட்டது, போடவில்லை. நர்சம்மா வீடு தேடி வந்தும் போடவில்லை. நான் போய்க் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்: "தப்பா எடுத்துக்காதீங்கக்கா. உங்க பையனப் பாத்ததுலருந்து பயமா இருக்குது."

என்னைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். என் மகனைக் காட்டி ஒரு பச்சைக் குழந்தைக்குத் தட்டம்மை ஊசியைத் தடுக்கிறார்கள். அவன் யாருக்கு என்ன கெடுதல் செய்தான்? மணல்வாரி, அதாவது தட்டம்மை, வந்தால் வேப்பிலை கட்டி, கூழ் ஊற்றி, தாய் இறங்கிவிடுவாள் என்று காத்திருந்த காலத்தை எங்கள் வீட்டுக் கிழவிகள் இன்னும் மறக்கவில்லை. இறங்கிப் போகாத பிள்ளைகளும் இருந்தார்கள். நெஞ்சில் சளி கட்டிப் போனவர்கள், கண் போனவர்கள், மூளைக் காய்ச்சல் கண்டவர்கள். ஒருவருக்கு வந்தால் ஊசி போடாத பத்துப் பதினைந்து பேருக்குத் தொற்றும் நோய் அது. அந்தக் குழந்தைக்கு நாளைக்கு ஒன்று ஆனால், அந்தப் பாவத்தையும் என் பிள்ளை தலையில்தான் கட்டுவீர்களா?

2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் எம்.ஆர். முகாம் தொடங்கியபோதே இந்த விஷம் ஒருமுறை பரவியது. ஒன்பது மாதத்திலிருந்து பதினைந்து வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் போட வேண்டும் என்றது அரசு. பிள்ளை மலடாகிவிடும், முடங்கிவிடும் என்று வாட்ஸ்அப்பில் குரல்கள் சுற்றின. பெற்றோர் பள்ளிக்கூட வாசலுக்கே வந்து பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போனார்கள். குறித்த நாளுக்குள் முடியாமல் முகாமை மார்ச் மாதத்துக்கும் நீட்டினார்கள்.

அந்த எம்.ஆரில் ஆர். என்பது ரூபெல்லா. கர்ப்பத்தின் முதல் மாதங்களில் தாய்க்கு ரூபெல்லா வந்தால் வயிற்றில் இருக்கிற பிள்ளைக்குக் கண்ணில் புரை, காது கேளாமை, இதயத்தில் கோளாறு என்று வரும். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை மருத்துவர்கள் அப்படிப் புரையோடு பிறந்த பச்சைக் குழந்தைகளைத் தேடிக் கண்டுபிடித்து எழுதியிருக்கிறார்கள். இன்னொன்றும் வரும். 1964இல் அமெரிக்காவில் பெரிய ரூபெல்லா அலை அடித்தது. அப்போது வயிற்றில் இருந்து பாதிக்கப்பட்ட 243 பிள்ளைகளை ஸ்டெல்லா செஸ் என்ற மனநல மருத்துவர் பார்த்தார். மற்றப் பிள்ளைகளோடு ஒப்பிடவே முடியாத அளவுக்கு அவர்களிடம் ஆட்டிசம் இருந்ததை 1971இல் எழுதினார். ஆட்டிசத்துக்கு உறுதியாகத் தெரிந்த காரணங்கள் கொஞ்சம்தான். அவற்றில் ஒன்றைத் தடுக்கிற ஊசி இது. அந்த ஊசியைத்தான் ஆட்டிசம் வரும் என்று சொல்லித் தடுக்கிறார்கள். இதைவிடப் பெரிய அநியாயத்தை நான் கேட்டதில்லை.

ஊசியால் எந்தக் காலத்திலும் எந்தத் தீங்கும் நடந்ததில்லை என்று நான் சொல்லவில்லை. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட நான்கு குழந்தைகள் அன்றே இறந்துபோயின. அந்தத் தாய்மார்களை நினைத்தால் இப்போதும் நெஞ்சு அடைக்கிறது. அதற்குப் பிறகு கிராமத்துக்கு வந்து போடுவதை நிறுத்தி, மருத்துவர் இருக்கிற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே வரச் சொன்னார்கள். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 80.9 சதவீதமாக இருந்த முழுத் தடுப்பூசி 2015-16இல் 69.7 சதவீதத்துக்கு இறங்கியது, ஏறி 89.2க்கு வர இன்னும் ஐந்து வருடம் ஆனது. சமோவா என்ற தீவு நாட்டில் 2018இல் இரண்டு குழந்தைகள் இறந்தன. ஊசி மருந்தில் தண்ணீருக்குப் பதிலாகக் காலாவதியான வேறொரு மருந்தைத் தவறிக் கலந்துவிட்டார்கள். பயந்து ஊசியை நிறுத்தினார்கள், வதந்திக்காரர்கள் புகுந்துகொண்டார்கள். அடுத்த ஆண்டு தட்டம்மை வந்து 83 பேர் செத்தார்கள், பெரும்பாலும் பச்சிளம் பிள்ளைகள். பயம் நியாயமாகத்தான் இருந்தது. அந்தப் பயத்தை வைத்துப் பிழைத்தவர்களைத்தான் நான் சபிக்கிறேன்.

பிழைப்பு என்றேன். என் வாசலுக்கும் வந்தார்கள். ஊசி விஷத்தை உடம்பிலிருந்து இறக்கித் தருகிறேன் என்று ஒருவர், குடல் கழுவினால் பேச்சு வரும் என்று ஒருவர். நகரத்து மருத்துவமனை ஒன்றில் ஸ்டெம் செல் செலுத்தினால் சரியாகிவிடும் என்று லட்சங்களில் கணக்குச் சொன்னார்கள். தாலியை அடகு வைக்கலாமா என்று வீட்டில் பேச்சு எழுந்த இரவை நான் மறக்கவில்லை. ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சையைப் பரிந்துரைக்க முடியாது என்று 2022இல் தேசிய மருத்துவ ஆணையமே சொல்லிவிட்டது. பாதரசத்தை எடுக்கிறோம் என்று கீலேஷன் மருந்து ஏற்றியதில் 2005இல் அமெரிக்காவில் ஐந்து வயதுப் பையன் ஒருவன் இறந்தே போனான். ஊசிதான் காரணம் என்ற பொய் இல்லாவிட்டால் இந்த வைத்தியம் எதற்கும் வேலையே இல்லை.

இந்தப் பழிக்கு ஊசி வருவதற்கு முன்பும் ஒரு வரலாறு இருக்கிறது. லியோ கானர் என்ற மருத்துவர் பால்டிமோரில் பதினொரு பிள்ளைகளைப் பார்த்து ஆட்டிசத்தைப் பற்றி முதலில் விரிவாக எழுதியது 1943இல். தட்டம்மைக்கு ஊசி வந்தது 1963இல். நடுவில் இருந்த இருபது வருடத்துக்குக் குற்றம் சுமத்த அந்த ஊசி இல்லை. அதனால் தாயைப் பிடித்தார்கள். பாசமில்லாத தாய், பிள்ளையைக் கட்டி அணைக்காத தாய், அதனால்தான் பிள்ளை தனக்குள் ஒடுங்கிவிட்டது என்றார்கள். புரூனோ பெட்டல்ஹெய்ம் 1967இல் இதையே ஒரு புத்தகமாக எழுதிப் பெரிய ஆள் ஆனார். எத்தனை தாய்மார்கள் அதை நம்பித் தங்களையே வெறுத்துக்கொண்டு செத்திருப்பார்கள்! தாய்ப் பாசத்தைப் பழித்தது போய், இப்போது ஊசிக்குத் தூக்கிப் போன கையைப் பழிக்கிறார்கள். தகப்பனைப் பார்த்து யாராவது கேட்டதுண்டா? என் வீட்டுக்காரர்தான் வண்டி ஓட்டி எங்களைச் சுகாதார நிலையத்தில் இறக்கிவிட்டார். அவரிடம் ஒருவரும் இதுவரை கேட்டதில்லை.

எங்கள் ஊர் மலை மேல் சீதை குகை இருக்கிறது. ராமன் காட்டுக்கு அனுப்பிய பிறகு வயிற்றுப் பிள்ளையோடு அவள் இங்கேதான் வந்து தங்கினாள், லவனும் குசனும் இங்கேதான் பிறந்தார்கள் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். எவனோ ஒருவன் வாயில் வந்த பேச்சுக்குத்தானே அவளை அனுப்பினார்கள். முக்தியாளீஸ்வரர் கோயிலுக்கு மேலே ஏறும் பெண்கள் அந்தக் குகையைப் பார்த்து உச்சுக்கொட்டி, "பாவம், என்ன பாடுபட்டாளோ" என்பார்கள். கீழே இறங்கி வந்து என்னிடம் ஊசியைப் பற்றிக் கேட்பார்கள்.

ஒருத்தராவது, ஒரே ஒருத்தராவது, "பையன் எந்தப் பள்ளிக்கூடம் போறான்?" என்று கேட்டிருக்கிறீர்களா? அவனை ஒரு பள்ளியில் சேர்த்தேன். மற்றப் பிள்ளைகளின் பெற்றோர் ஆட்சேபிக்கிறார்கள் என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் இருக்கிறது; இவனைப் போன்றவர்களுக்கு ஆறிலிருந்து பதினெட்டு வயது வரை இலவசக் கல்வி உரிமை என்று எழுதியிருக்கிறது. எழுதியதைப் படித்துக் காட்டினேன். "சட்டம் இருக்குது மேடம், டீச்சர் இல்ல" என்றார்கள். பிறந்த குழந்தையிலிருந்து பதினெட்டு வயது வரை பரிசோதித்துக் குறைகளைச் சீக்கிரமே கண்டுபிடிக்க 2013இல் மத்திய அரசு தொடங்கிய திட்டத்தில் ஆட்டிசமும் ஒன்று. அந்தத் திட்டத்தின் கண்ணில் என் மகன் பட்டபோது அவனுக்கு நாலு வயது முடிந்திருந்தது. மூளை வேகமாகக் கற்றுக்கொள்கிற வருடங்கள் அவை. ஊசி திருடியதாகச் சொல்கிறீர்களே, அவனிடமிருந்து நிஜமாகத் திருடப்பட்டது அந்த வருடங்கள்தான்.

பேச்சுப் பயிற்சிக்குப் புதுச்சேரிக்குப் போகிறோம். திண்டிவனம் போய் பஸ் மாற வேண்டும். மாறுகிற இடத்தில் ஹாரன் சத்தத்துக்கு அவன் தரையில் உட்கார்ந்து கத்துவான். அவனைத் தேற்றி ஏற்றுவதற்குள் பஸ் போய்விடும், அன்றைய பயிற்சியும் போய்விடும். முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுள்ளவர்களுக்கான தேசிய நிறுவனம் 2005இலிருந்து இருக்கிறது. நல்ல இடம். ஆனால் அன்றாடக் கூலி வேலையை விட்டுவிட்டு வாராவாரம் அங்கே போய்வர எங்கள் பக்கத்தில் யாரால் முடியும்? பயிற்சியில் சொல்லிக் கொடுத்ததை நான் வீட்டில் செய்கிறேன். தண்ணீர் வேண்டும் என்றால் சொம்புப் படத்தைத் தொட்டுக் காட்டப் பழக்கினேன். போன மாதம் படத்தைத் தொடாமலே "தண்ணி" என்றான். அதை ஓடிப்போய்ச் சொல்ல எனக்கு இந்த ஊரில் ஆள் கிடைக்கவில்லை. சொன்னால், "ஊசி வேகம் இறங்குது போல" என்பார்கள்.

அவனுக்குப் பிறகு பிறந்த பெண்ணுக்கும் எல்லா ஊசியும் போட்டேன். வீட்டில் பெரிய சண்டை நடந்தது. அத்தை இரண்டு நாள் சாப்பிடவில்லை. புதன்கிழமை வந்ததும் அட்டையை எடுத்துக்கொண்டு நான் நடந்தே போனேன். அதற்கும் பேசினார்கள், ஒன்றைக் கெடுத்தது போதாதா என்று. என் மகன் கெட்டுப்போன பொருளா? அவன் காதில் விழும்படி அதைச் சொல்கிறீர்கள். அவனுக்குப் பதில் சொல்லத்தான் நேரமாகும், காது நன்றாகவே கேட்கும்.

நான் கேட்பது இதுதான்: எங்கள் ஒன்றியத்துக்கு ஒரு பேச்சுப் பயிற்சியாளர், வாரத்தில் இரண்டு நாளாவது. இவனை வெளியே அனுப்பாத ஒரு பள்ளி, அதில் இவனுக்குக் கற்றுத்தரப் பயிற்சி பெற்ற ஒரு ஆசிரியர். மூன்று வயதுக்குள் பிள்ளைகளைப் பார்த்துச் சொல்ல அங்கன்வாடியில் ஒரு பரிசோதனை. இவ்வளவையும் எழுதிக் குறைதீர்ப்பு நாளில் கொடுக்க மனு தயாராக வைத்திருக்கிறேன். பக்கத்து ஊர்களில் இப்படிப் பிள்ளை வைத்திருக்கிற தாய்மார்கள் சிலர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். இன்னும் இடம் இருக்கிறது. கையெழுத்துப் போடுகிறவர்கள் எப்போது வேண்டுமானாலும் வீட்டுக்கு வரலாம். ஊசியைப் பற்றிப் பேச வருகிறவர்கள் வர வேண்டாம்.